நாலரை மணிக்கு இறங்கும் விமானம்

விஷ்ணுப்ரியாவின் அம்மா குண்டு எறியும் போட்டிக்குப் போகிறார் என்ற செய்தி, கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி முழுவதும் பரவ அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் அதைக் கேட்டவர்களின் சிரிப்பு அடங்க மூன்று நாளாயிற்று.

"நாப்பத்திரெண்டு வயசுல குண்டு எறியப் போறாளாம் லா! அவ எறியற பக்கம் யாரும் நிக்காதீங்க!" என்று மூன்றாம் மாடிப் பஞ்சவர்ணம் ஆன்டி, மின்தூக்கியில் ஏறியவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அம்மாவின் பெயர் மலர். தெருமுனை மளிகைக் கடையில் வேலை. பத்துக் கிலோ அரிசி மூட்டையை வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று என்று தூக்கிக்கொண்டு, வாடிக்கையாளரிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே கார் வரைக்கும் நடப்பார். பள்ளியில் படித்த காலத்தில் குண்டு எறிவதில் கெட்டிக்காரர். இரண்டு வருடமாகத் தினமும் காலையில் திடலுக்குப் போய் மறுபடியும் பயிற்சி செய்தார். கடைசியில் சென்னையில் நடக்கும் மூத்தோர் தடகளப் போட்டிக்கு அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

புதன்கிழமை விடியற்காலையில் அம்மா கிளம்பினார். விமான நிலையத்துக்குப் போகும் ரயிலில் ஏற்றிவிட, கேஎல் சென்ட்ரலுக்கு அப்பாவும் விஷ்ணுவும் மட்டும் போனார்கள். வேறு யாரும் வரவில்லை.

"யாருமே வரலையேம்மா" என்றாள் விஷ்ணு.

"அதனால என்ன? நீ வந்திருக்கியே, அது போதும்" என்றார் அம்மா. ஆனால் பேசும்போதே அவர் கண் ஒரு தடவை வாசல் பக்கம் போய்விட்டு வந்தது. விஷ்ணு அதைக் கவனித்துவிட்டாள்.

"அம்மா, நீங்க திரும்பி வர்றப்போ, ஏர்போர்ட் கதவு தெறந்ததும் மொதல்ல என் முகத்தத்தான் பாப்பீங்க. சத்தியம்!"

அம்மா சிரித்துக்கொண்டே அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ரயில் ஏறினார்.

சனிக்கிழமை மதியம் அப்பாவின் கைப்பேசி அலறியது. அம்மாவுக்கு வெள்ளிப் பதக்கம்!

அடுக்குமாடி அல்லோலகல்லோலப்பட்டது. "நான் அப்பவே சொன்னேன்ல, மலரு கை இரும்புக் கைன்னு!" என்று பஞ்சவர்ணம் ஆன்டி மாடி மாடியாக ஏறி இறங்கினார். எப்போது சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் சந்தோஷத்தில் இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா திரும்பி வருகிறார். மொத்தமாகக் கிளம்பிப் போய், உறுமி மேளத்தோடு வரவேற்க வேண்டும் என்று முடிவாயிற்று. அம்மாவிடம் யாரும் மூச்சுவிடக் கூடாது என்றும் முடிவாயிற்று. ஏற்பாடு முழுவதையும் கனகலிங்கம் அங்கிள் கையில் எடுத்துக்கொண்டார்.

கனகலிங்கம் அங்கிள் நான்காம் மாடி. ரயில்வேயில் நேர அட்டவணை போடும் பிரிவில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். அவர் வீட்டுச் சுவரில் இரண்டு கடிகாரங்கள் இருக்கும். ஒன்று நம் ஊர் நேரம் காட்டும். இன்னொன்று இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடும். அது யாழ்ப்பாணத்து நேரம். அங்கே இருக்கும் தங்கை பூரணத்தோடு தினமும் பேசுவதற்காக அதை மாட்டிவைத்திருந்தார். சென்னையிலும் அதே நேரம்தான். அதனால் அந்தப் பக்கம் யாரோடு பேச வேண்டுமானாலும், அடுக்குமாடிக்காரர்கள் முதலில் அவரிடம்தான் மணி கேட்பார்கள்.

"அந்தப் பக்கத்து மணியோட ரெண்டரையைக் கூட்டினால் எங்கட மணி. சரியோ?" என்பார் அங்கிள். வாய்ப்பாடு மாதிரி அது எல்லோருக்கும் மனப்பாடம்.

அம்மாவின் பயணச்சீட்டை அப்பா காட்டியதும் அங்கிள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"நாலரைக்கு வருது எண்டு போட்டிருக்கு. சென்னையில இருந்து வாற விமானம், சென்னை மணி. ரெண்டரையைக் கூட்டினால் ஏழு. நாங்கள் அஞ்சரைக்கு வெளிக்கிடுவம்!"

அங்கிள் சொன்னால் சொன்னதுதான். அப்பாவும் தலையாட்டிவிட்டு, உணவகத்தில் சமையல் வேலைக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கீழ்த்தளக் கூடம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. பஞ்சவர்ணம் ஆன்டி மாலை கட்டினார். பிள்ளைகள் பலூன் ஊதினார்கள். அங்கிள் ஒரு நாற்காலிமேல் ஏறி நின்று, "அந்தப் பக்கம் நூலை இறுக்கிக் கட்டுங்கோ!" என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

விஷ்ணு பெரிய அட்டையில் 'வெள்ளி வீராங்கனை மலர், வருக!' என்று எழுதி முடித்தாள். கீழே விமான எண்ணையும் எழுதினால் எடுப்பாக இருக்குமே என்று தோன்றியது. வீட்டுக்கு ஓடினாள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பயணச்சீட்டின் நகல் ஒட்டியிருந்தது.

அதில் இரண்டு வரிகள் இருந்தன. கோலாலம்பூரில் காலை 8.30க்குப் புறப்பாடு, சென்னைக்குக் காலை 10.00க்கு வருகை. அடுத்த வரியில், சென்னையில் காலை 10.00க்குப் புறப்பாடு, கோலாலம்பூருக்கு மாலை 4.30க்கு வருகை.

விமான எண்ணைக் குறித்துக்கொண்டு திரும்பியவள், கதவுவரை போய்விட்டு மறுபடியும் தாளிடம் வந்தாள். விரல்விட்டு எண்ணினாள்.

எட்டரையிலிருந்து பத்து. ஒன்றரை மணி நேரம்.

பத்திலிருந்து நாலரை. ஆறரை மணி நேரம்.

"அதே ரெண்டு ஊருதானே? போறதுக்கு ஒன்றரை, வர்றதுக்கு ஆறரையா?"

தாளைப் பிய்த்து எடுத்துக்கொண்டு கீழே ஓடினாள். முதலில் கண்ணில் பட்டவர் பஞ்சவர்ணம் ஆன்டி.

"ஆன்டி, ஏன் ப்ளேன் போறப்போ சீக்கிரமாப் போயிட்டு, வர்றப்போ மெதுவா வருது?"

ஆன்டி மாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இது தெரியாதா? போறப்போ பள்ளம், வர்றப்போ மேடு. எங்கண்ணன் லோரி கேமரன் மலை ஏறறப்போ நீ பாத்ததில்ல?"

"வானத்துல ஏது ஆன்டி மேடு?"

"பின்ன அவ்ளோ மேகமும் எதுக்கு நிக்குது? போ லா, போய் பலூன் ஊது!"

விஷ்ணு பலூன் ஊதவில்லை. மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள்.

மாதம் ஒரு தடவை கிள்ளானில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அப்பாவோடு ரயிலில் போவாள். போக ஏறக்குறைய ஒரு மணி நேரம். வரவும் அவ்வளவுதான். வரும்போது அத்தை கொடுத்துவிடும் முறுக்கு டின் கனக்கும் என்பதற்காக ரயில் மெதுவாகவா வருகிறது?

அப்போதுதான் புதன்கிழமை ஞாபகம் வந்தது. பள்ளி முடிந்து வீட்டுக்கு வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மணி ஒன்றேகால். அம்மாவின் அழைப்பு வந்தது. "இப்பத்தான் எறங்கி வெளிய வந்தேன் விஷ்ணு. இங்க மணி பத்தே முக்கால்தான். இனிமேதான் பசியாறணும்" என்றார். நான் சோறு சாப்பிடுகிறேன், அம்மா இன்னும் பசியாறவில்லையே என்று அன்றைக்கு அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

விஷ்ணு துள்ளி எழுந்தாள்.

தாளில் சென்னைக்கு வருகை பத்து மணி என்று போட்டிருந்தது. அது சென்னைக் கடிகாரத்தில் பத்து! நம் கடிகாரத்தில் அப்போது பன்னிரண்டரை. எட்டரையிலிருந்து பன்னிரண்டரை. அப்படியானால் பயணம் நாலு மணி நேரம்!

திரும்பி வருவதும் நாலு மணி நேரம்தான். சென்னைக் கடிகாரத்தில் பத்து என்றால் இங்கே பன்னிரண்டரை. அதோடு நாலு மணி நேரம் சேர்த்தால் நாலரை. எந்த ஊரில் இறங்குகிறதோ அந்த ஊர் மணியைத்தான் தாளில் போட்டிருக்கிறார்கள். நாலரை என்பது ஏற்கெனவே நம் ஊர் மணி!

கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டே முக்கால். இவர்கள் ஏழு மணிக்குப் போய் நின்றால், அதற்கு முன்பே அம்மா கதவு திறந்து வெளியே வந்து, யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துவிட்டுத் தனியாக ரயிலேறி வீட்டுக்கே வந்திருப்பார். போகும்போதும் யாரும் இல்லை, வரும்போதும் யாரும் இல்லை. சத்தியம் செய்த பெண்ணும் இல்லை!

கத்திச் சொல்லிவிடலாமா? வாய் வரைக்கும் வந்துவிட்டது. நாற்காலிமேல் நின்ற அங்கிளைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டாள். ஒரு ரயிலைக்கூடத் தவறவிட்டதில்லை என்று பெருமைப்படுகிற மனிதர். முப்பது பேர் முன்னால் அவரைத் தலைகுனிய வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

போய் அவர் சட்டைக் கையை மெல்ல இழுத்தாள். "அங்கிள், ஒரு சின்ன சந்தேகம். இப்படி ஓரமா வாங்களேன்."

படிக்கட்டுப் பக்கம் வந்தார் அங்கிள்.

"ரயில் அட்டவணையில ஒரு ஸ்டேஷனுக்கு வர்ற நேரம்னு போடுவீங்கள்ல, அது எந்த ஸ்டேஷன் கடிகாரம் அங்கிள்?"

"இதென்ன கேள்வி பிள்ளை? எந்த ஸ்டேஷனுக்கு வருதோ அந்த ஸ்டேஷன் கடிகாரம்தான்."

"அப்போ ப்ளேனுக்கு?"

விஷ்ணு தாளை நீட்டினாள். புதன்கிழமை அம்மா பேசிய மணியையும் சொன்னாள்.

"சென்னை எவ்வளவு தூரம் அங்கிள்?"

"ரெண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் கிட்ட வரும்." அங்கிள் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையிலேயே கணக்குப் போட்டார். "ஒன்றரை மணித்தியாலத்தில போனதெண்டால், மணிக்கு ஆயிரத்து எழுநூறுக்கு மேல! இதென்ன, ராக்கெட்டோ?" மறுபடியும் எழுதினார். "நாலு மணித்தியாலமெண்டால் அறுநூற்று ஐம்பது. ஓம், இதுதான் சரி. நாலரை ஏற்கெனவே எங்கட மணி. நான் அதுக்கு மேலயும் ரெண்டரையைக் கூட்டிப்போட்டன்!"

அவர் முகம் சுண்டிப்போயிற்று. கூடத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "இவ்வளவு சனத்துக்கும் நான் என்னெண்டு சொல்லுவன், பிள்ளை?"

"ஒண்ணும் விளக்க வேணாம் அங்கிள். நேரம் மாறிடுச்சு, இப்பவே கெளம்பணும்னு மட்டும் சொல்லுங்க. நீங்க சொன்னா எல்லாரும் உடனே எழுந்திடுவாங்க. நான் சொன்னா ஆன்டி மறுபடியும் மேடு பள்ளம்னு ஆரம்பிச்சிடுவாங்க."

அங்கிளுக்கு அந்தக் கவலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் தலையைத் தடவிவிட்டு, கூடத்துக்கு நடுவில் போய்க் கையைத் தட்டினார்.

"எல்லாரும் கேளுங்கோ! நேரம் மாறிட்டுது. விமானம் நாலரைக்கு. அஞ்சு நிமிசத்தில வெளிக்கிடுறம்!"

அவ்வளவுதான். பாதி கட்டிய மாலையை ஆன்டி நடந்துகொண்டே கட்டினார். ஒருவர் அட்டையைத் தூக்கினார், ஒருவர் பலூன்களைப் பிடித்தார். நடந்தால் பத்து நிமிடத்தில் கேஎல் சென்ட்ரல். வழியில் உணவகத்துக்குள் விஷ்ணு புயல் மாதிரி நுழைந்து, "அப்பா, அம்மா நாலரைக்கு வராங்க!" என்றாள். அப்பா கரண்டியைப் பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்துவிட்டு அப்படியே ஓடி வந்தார்.

ரயிலில் உட்கார்ந்ததும், உறுமி மேளக் குழுவின் தலைவர் பிரவினை அங்கிள் கைப்பேசியில் கூப்பிட்டார். குழு கிள்ளானில் இருந்தது.

"தம்பி, இங்க வர வேண்டாம். வேனை நேரா ஏர்போர்ட்டுக்கு விடும். விமானம் நாலரைக்கு."

"இருங்க அங்கிள், போன்ல பாக்கறேன்... ஆமா, சென்னையிலேருந்து நாலு மணி நேரம்தான்னு போட்டிருக்கு. இதை நேத்தே பாத்திருக்கலாமே அங்கிள்?"

"சரி சரி, வை போனை!" என்றார் அங்கிள். விஷ்ணு சன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

விமான நிலையத்தில் போய் நின்றபோது மணி நாலு பத்து. அறிவிப்புப் பலகையில் சென்னை விமானத்துக்கு நேரே 4.30 என்றே இருந்தது. தடுப்புக் கம்பியின் ஓரத்தில், கதவுக்கு நேர் எதிரே முதல் ஆளாகப் போய் நின்றுகொண்டாள். யார் கூப்பிட்டும் அங்கிருந்து நகரவில்லை.

ஐந்து மணிக்கு உறுமியும் கையுமாகப் பிரவின் குழு வந்து சேர்ந்தது. காவலர் ஓடி வந்து கையை விரித்துத் தடுத்தார். அங்கிள் தன் மலாய்மொழியில் பதக்கக் கதையை முழுவதும் சொல்ல, காவலர் யோசித்தார். "ஓகே பாஸ், வாசலுக்கு வெளியே. லிமா மினிட் சாஜா!" என்று ஐந்து விரலைக் காட்டினார்.

ஐந்தே கால் ஆயிற்று. கதவு திறந்தது, மூடியது. யார் யாரோ வந்தார்கள்.

கதவு மறுபடியும் திறந்தது. நீல விளையாட்டுச் சட்டையில், பெட்டியை இழுத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி அம்மா வந்தார்.

"அம்மா!"

அம்மா நிமிர்ந்தார். முதலில் விஷ்ணுவின் முகத்தைத்தான் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அவள் பின்னால் இருந்த மற்ற முகங்களைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார், பலூன்களைப் பார்த்தார், மஞ்சள் கறை படிந்த சமையல் ஏப்ரனோடு நின்ற அப்பாவைப் பார்த்தார். நடக்கவே மறந்து நின்றுவிட்டார்.

பஞ்சவர்ணம் ஆன்டிதான் முதலில் ஓடினார். மாலையைப் போட்டுவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். "மலரு, அன்னிக்கு நான் சிரிச்சேன்ல. தப்பு லா, ரொம்பத் தப்பு."

"விடுங்கக்கா. எறியற எடத்துல நீங்க நிக்காததுனாலதான் நல்லா எறிஞ்சேன்" என்றார் அம்மா. ஆன்டி அழுதுகொண்டே சிரித்தார்.

வெளியே உறுமி முழங்கியது. பெட்டி தள்ளிக்கொண்டு போனவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். ஐந்து நிமிடம் பத்து நிமிடம் ஆனதைக் காவலர் கவனிக்கவில்லை. அவரும் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

மேளம் ஓய்ந்ததும் கனகலிங்கம் அங்கிள் தொண்டையைச் செருமினார்.

"ஒரு விசயம் சொல்ல வேணும். நேரம் ஒண்டும் மாறேல்ல. நான்தான் பிழையாகக் கணக்குப் போட்டனான். என்ர சொல்லைக் கேட்டிருந்தால் இப்ப நாங்கள் வீட்டில பலூன் ஊதிக்கொண்டிருந்திருப்பம். அதைக் கண்டுபிடிச்சது விஷ்ணு. கண்டுபிடிச்சும் எல்லாருக்கும் முன்னால சொல்லாமல், என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னவள். இப்பிடி ஒரு பிள்ளை எங்கட அடுக்குமாடியில இருக்கிறது எனக்குப் பெருமை!"

முப்பது பேரும் கை தட்டினார்கள். விஷ்ணு வெட்கத்தில் அட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அம்மா அட்டையை விலக்கிவிட்டுக் குனிந்தார்.

"அம்மா, ப்ளேன்ல எவ்வளவு நேரம் வந்தீங்க?" என்று கேட்டாள் விஷ்ணு.

"நாலு மணி நேரம். அந்த நாலு மணி நேரமும், கதவு தெறந்தா நீ நிப்பியா மாட்டியான்னுதான் நெனச்சிக்கிட்டு வந்தேன்."

விஷ்ணுவும் அங்கிளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மேடும் இல்லை, பள்ளமும் இல்லை" என்றார் அங்கிள்.

"அதான் நான் அப்பவே சொன்னேனே!" என்றார் பஞ்சவர்ணம் ஆன்டி.

பிரவின் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தார். "அக்கா, ஒரு படம்! பதக்கத்த நல்லா ஒசத்திக் காட்டுங்க!"

அம்மா ஒரு கையில் வெள்ளிப் பதக்கத்தை உயர்த்திப் பிடித்தார். அரிசி மூட்டை தூக்கும் மற்றக் கையால் விஷ்ணுவை அலாக்காகத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "ரெண்டும் தெரியற மாதிரி எடு தம்பி."

அந்தப் படம் இப்போது கனகலிங்கம் அங்கிள் வீட்டுச் சுவரில், இரண்டு கடிகாரங்களுக்கும் நடுவில் தொங்குகிறது.